வடக்கு அறை

டுலூத்தில் மைனஸ் இருபது.
லோர்னா ஹவுக்கலா வீட்டுத் தரைக்கடியில்
மல்லாந்து நகர்கிறேன், நெற்றியில் விளக்கு.

வடக்கு அறைக்குப் போகிற டக்ட்
மூன்று இடத்தில் முட்டி மடங்கி
நாலாவதில் கழன்றே கிடக்கிறது.
பதினோரு பனிக்காலம்
மண் குளிர்காய்ந்திருக்கிறது,
கேஸ் பில் அவர் கட்ட.

அந்த வெதுவெதுப்பில்
யார் வீட்டுப் பூனையோ, நாலு குட்டிகளோடு
என்னை முறைக்கிறது.

மேலே வந்து சொன்னேன்.
வெகுநேரம் பேசவில்லை.
“இந்த அறை நடுக்குகிறது என்பான் ஏர்னோ.
உனக்கு எல்லாமே குறைதான் என்றேன்.
போய்விட்டான்.”

தகரம் வெட்டி, மடிப்பை நிமிர்த்தி,
மூட்டெல்லாம் பசை பூசினேன்.
காற்று வந்தது.
கம்பித் தட்டில் வைத்த கையை
அவர் எடுக்கவேயில்லை.

பில்லில் எல்லாம் எழுதினேன்,
கீழே ஒரு மூட்டில்
விரலகலம் பூசாமல் விட்டதைத் தவிர.