மேல்வரிசை

நான் முகங்களைப் பார்ப்பதில்லை.
குத்தாயிசியில் மருந்துக்கடைக்குப் பின்னால் என் அறை.
எனக்கு வருவதெல்லாம் வாய்கள்,
வெள்ளைப் பிளாஸ்டரில், சீட்டு ஒட்டி.

"குகுலி. வயது 61. மேலே மட்டும். அக்ரிலிக்.
மாதம் ஐம்பது லரி, ஆறு தவணை."
டாக்டர் நெஸ்டானின் கிறுக்கல்.
ஓரத்தில், பென்சிலில்:
சாப்பிட அல்லவாம். கூப்பிட.

பஸ் நிலையத்தில்
வேன்களுக்கு ஆள் கூப்பிடுகிறவள்.
ஒரு வேன் நிரம்பினால் ஓட்டுநர் ஒரு லரி தருவார்.
பல் போனால் சொல் போகும்;
இவளுக்குக் கூடவே கூலியும்.

எங்கள் ஜார்ஜிய மொழியில் அப்படிச் சில ஊர்கள்.
ட்ஸ்கல்டுபோ என்று சொல்லிப் பாருங்கள்:
மேல்பல்லின் முதுகில் நாக்கு மோதவேண்டும்.
வெறும் ஈறில் மோதினால்
ஊர் இல்லை, காற்றுதான்.
போன மாதம் இரண்டு தேனீப்பெட்டிகளோடு ஒருவர்
தப்பான ஊரில் போய் இறங்கி
திரும்பி வந்து கத்தியிருக்கிறார்.
பெட்டிகளும் கத்தின என்றாள் நெஸ்டான்.

டைட்டானியம் திருகின் விலையைக் கேட்டுவிட்டு
"அதற்கு ஒரு வேனே வாங்கலாமே" என்றாளாம் குகுலி.
வெள்ளை வெளேரென்றும் வேண்டாமாம்,
டீ குடித்த பல்லாக இருக்கட்டும்,
ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள்.

மெழுகில் பல் பதித்த அன்று
அவளை என் அறைக்கே அனுப்பிவிட்டார்கள்.
எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
அவள் கோட்டுப் பித்தானைப் பார்த்தேன்.
சொல்லுங்கள் என்றேன்.
சொன்னாள். விசில் வந்தது.
முன்பல்லுக்குப் பின்னால் மயிரிழை சுரண்டினேன்.
இப்போது?
இன்னும் விசில், கொஞ்சம் மெலிந்து.
சுரண்டினேன். சொன்னாள். சுரண்டினேன்.
மெதுவாகச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை,
வாய் திறந்தால் நிலையத்துக் குரல்தான்.
ஒன்பதாவது தடவையோ பத்தாவதோ,
திரைச்சீலையை விலக்கி ஒரு பெண்,
கையில் இருமல் மருந்து,
"வேன் எப்போது கிளம்பும்?"

குகுலி சிரிக்கவில்லை.
"இன்னும் மூன்று பேர் வேண்டும்" என்றாள்.

தவணை நான்கு பாக்கி. எல்லாம் சில்லறையாக வருகிறது,
நடுவே சூரியகாந்தி விதைத் தோலும்.
கீழ்வரிசைக்கு அடுத்த வருஷம் பார்க்கலாமாம்;
ஐந்து பல் இருக்கிறதே.

சாப்பிடும்போது மேல்வரிசையைக் கழற்றி
கைக்குட்டையில் சுற்றி வைக்கிறாளாம்,
அவரைக்குழம்பில் சோளரொட்டியை ஊறவைத்து
பழையபடி ஈறாலேயே மெல்கிறாளாம்.
நெஸ்டானுக்குக் கோபம்.
எனக்கில்லை.