நீலமும் மஞ்சளுமாய் ஒரு கேடயம்

யார்மத்திலிருந்து மெட்டகனுக்கு நாற்பது நிமிடம்,
பனி பெய்யாத நாளில்.
அன்று பெய்தது.
ஒன்றரை மணி நேரம் வண்டியை உருட்டிப் போய்
பதினான்கு எழுத்துகளைத் தட்டினேன்.
ஓடீல் ஒரு காசோலையை அச்சிட்டாள்.
நான் திரும்பி வந்தேன்.

இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இருந்த இடத்திலிருந்தே செய்யலாமே என்பார்கள்.
செய்யலாம், அந்தக் கேடயம் எழும்வரை.
நீலமும் மஞ்சளுமாய் அது எழுந்ததும்
என் பக்கத்துத் திரை இருண்டுவிடும்.
அவளுக்கு மட்டும் தெரியும்.
தொலைபேசியில் சொல்வாள்:
"இப்போது அது உன் பெயரைக் கேட்கிறது, லார்ன்."

சிங்கி இறால் படகுகளுக்கு இரை விற்கும் கம்பெனி.
உப்பிட்ட ஹெர்ரிங், பீப்பாய் பீப்பாயாக.
விசைப்பலகையில்கூட அந்த வாடை.
ஐந்து கணினி, மூன்று பேர், ஹீட்டரடியில் ஒரு நாய்,
கணக்கு மென்பொருள் ஒன்று.
திறக்க நிர்வாகி வேண்டும் அதற்கு,
தேதி மாற்ற நிர்வாகி,
சம்பளச் சீட்டு அச்சடிக்க நிர்வாகி.
கூட்டிக் கழிக்க எதற்குக் கோட்டைச் சாவி என்று
உதவி எண்ணில் கேட்டேன்.
நாற்பத்தேழு நிமிட இசைக்குப் பின் ஓர் இளங்குரல்:
"எல்லோரையும் நிர்வாகி ஆக்கிவிடுங்கள் சார், தொல்லை தீரும்."
கதவு இறுகினால் சுவரை எடுத்துவிடு என்பது மாதிரி.

முதலாளி மெதெரிக்குக்கு அதுவே சரியாகப் பட்டது.
"கொடுத்துத் தொலையேன்.
ஓடீல் என்ன திருடியா?"
அவள் அங்கேதான் இருந்தாள்,
ரசீதுகளுக்குத் துளை போட்டுக்கொண்டு.
துளைக்கும் சத்தம் நின்றது.

ஓடீலைப் பற்றி இல்லை என்றேன்.
அவள் பெயரைப் போர்த்திக்கொண்டு உள்ளே வருவதைப் பற்றி.
பக்கத்து ஊர் ஐஸ் ஆலையில்
யாரோ அனுப்பிய பில் ஒன்றைத் திறந்தார்கள்;
பதினோரு வருடக் கணக்கு உறைந்துபோனது.
இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது
ஆட்கள் மட்டும் இல்லை.
அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் துறைக்குப் போனார்.
நாயும் போயிற்று.

அப்புறம் அவள் சொன்னாள், தலை நிமிராமல்:
"எனக்குத் தெரியும் உன் கடவுச்சொல்.
போன குளிர்காலத்திலிருந்து.
பதினான்கு தட்டு. ஒன்பதாவதுக்குப் பிறகு
ஒரு மூச்சு விடுவாய்,
அங்கே எண்கள் தொடங்கும்."

பின் ஏன் என்னைப் பனியில் வரவழைத்தாய்?

"முப்பத்தோரு பேர் சம்பளம்.
அதை உன் பெயரில் போட மாட்டேன்.
என் பெயர் எனக்குப் போதும்."

நான் கடவுச்சொல்லை மாற்றினேன்.
மாற்றித்தானே ஆகவேண்டும்.
அவள் எழுந்து ஜன்னலருகே போய்,
படகுகளைப் பார்ப்பவள்போல் நின்று,
ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

அன்றிரவு அங்கேயே இருந்துவிட்டேன்.
அது தொடும் கோப்பு, தட்டும் கதவு, வாங்கும் மறுப்பு
ஒவ்வொன்றையும் வரிவரியாகத் துரத்தி
இரண்டு மணிக்கு அகப்பட்டது:
தன் சொந்த அடைவிலேயே ஒரு சின்னக் கோப்பு.
கடைசியாகத் திறந்த தேதியை
அதில் குறித்துவைக்க வேண்டுமாம்.
அவ்வளவுதான்.
ஒரு தேதி எழுத ராஜ்ஜியம் கேட்டிருக்கிறது
இத்தனை வருடமாக,
பேனா கொடுங்கள் என்று கேட்கத் தெரியாமல்.

அந்த ஒரு கோப்பில் எழுத மட்டும்
ஓடீலுக்கு அனுமதி கொடுத்தேன்.
காலையில் அவள் திறந்தாள். கேடயம் எழவில்லை.
வீட்டிலிருந்து கொண்டுவந்த ராப்பி பையில்,
கோழியும் உருளைக்கிழங்கும் இன்னும் சூடாக,
பாதியை வெட்டி என் பக்கம் தள்ளினாள்.

மார்ச்சில் வரி விகிதம் மாறி, புதுப் பதிப்பு வந்தது.
நானே போய்த்தான் நிறுவினேன்.
நான் கொடுத்த அனுமதியை அது துடைத்துவிட்டிருந்தது.
திங்கட்கிழமை எட்டு மணிக்கு அழைத்தாள்.
"லார்ன்," என்றாள், "இன்று பனி இல்லை."