ஏழாவது கோடு

அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கம்
பென்சிலில் ஆறு கோடுகள்.
போன ரமலானில் எனக்கு விட்டுப்போன நோன்புகள்.
எல்லா வீட்டிலும் உள்ள கணக்குதான்,
யாரும் வாசலில் எழுதுவதில்லை.

ஷஃபான் பிறை பதினெட்டு.
நாலு அடித்தாயிற்று.
பதினோரு மாதம் சும்மா இருந்துவிட்டு
பரீட்சைக்கு முந்தின ராத்திரிப் பிள்ளைபோல
திங்கள், வியாழன் என்று ஓடுகிறேன்.

கடல் ஆராய்ச்சிக் கூடத்தில்
கண்ணாடிக் குடுவை கழுவுகிற வேலை எனக்கு.
வெள்ளாற்று முகத்துவாரத்தில் தண்ணீர் அள்ளிவந்து
உப்பு எவ்வளவு என்று எழுதுவார்கள்.
ஓதம் ஏறினால் கூடும், வற்றினால் குறையும்.
எழுதிய எண் தப்பென்றால் ரப்பர் போடக் கூடாது.
குறுக்கே ஒரு கோடிழுத்து
சரியானதைப் பக்கத்தில் எழுத வேண்டும்.
தப்பும் தெரிய வேண்டுமாம்.

பதினோரு மணிக்கு டீ வரும்.
"லாத்தா, இன்னைக்குமா?" என்பான் கேன்டீன் அருள்தாஸ்.
நோன்பில்லாத நாளிலும் இப்போது இரண்டே கிளாஸ்,
ஐந்திலிருந்து இறங்கியிருக்கிறேன்.
தலைப்பிறை அன்று மண்டை பிளப்பதைவிட
இப்போதே கொஞ்சம் கொஞ்சமாய் வலித்துத் தொலையட்டும்.

மாமிக்குச் சர்க்கரை.
சிதம்பரத்து டாக்டர், ஒன்றுகூடக் கூடாது என்றார்.
மாமி பதினைந்தில் ஆரம்பித்தார்.
மத்தி மீனுக்குப் பேசுகிற அதே குரல்.
பத்து, ஐந்து,
கடைசியில் இருபத்தேழாம் நோன்பு ஒன்று மட்டும்,
அதுவும் கையில் பேரீச்சம்பழத்தோடு.
டாக்டர் சிரித்துவிட்டு
மாத்திரைச் சீட்டைத் திருப்பி எழுதினார்.

செல்லக்கிளிக்கு மீன் பாக்கி முந்நூற்று நாற்பது.
எண்ணி வைத்தேன்.
முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்:
"பிறை தெரிஞ்சிட்டா காலைல தெருவுல கூவ மாட்டேன்.
சஹர் முடிச்சுத் தூங்குவீங்க.
அசருக்கு வரேன்."
அன்னங்கோயிலிலிருந்து
கூடையோடு இந்த வார்த்தைகளையும்
எத்தனை வருஷமாய்ச் சுமந்து வருகிறாளோ.

பக்கத்து வீட்டு உம்மு சல்மாவோடு
எட்டு மாதமாய்ப் பேச்சில்லை.
இரண்டு வீட்டுக்கும் ஒரே போர், ஒரே மோட்டார்,
யார் கட்டுவது என்று ஒரு பில்.
சண்டையில் அவள் உம்மாவை இழுத்துவிட்டேன்.
இஷாவுக்குப் பிறகு போய் நின்றேன்.
தேய்த்த சட்டியை விடாமல் தேய்த்தாள்.
"பொறுத்துக்க சல்மா" என்றேன்.
தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தாள்.
"பொறுத்தாச்சு.
ஆனா மோட்டார் பில்லு தனி."
சிரிப்பு வந்தது. அடக்கினேன்.
அவளும் அடக்கினாள் என்றுதான் நினைக்கிறேன்,
வெளிச்சம் போதவில்லை.

எல்லாம் ஆயிற்று என்று அலமாரியைத் திறந்தால்
ஆறு கோடுகளுக்கும் பக்கத்தில்
காலி மரம்.

போன வருஷம் பதினாலாம் நோன்பு.
மாமியின் ரிப்போர்ட் வாங்கக் கடலூர் போயிருந்தேன்.
பஸ் நிலையத்தில் ஒரு மணி வெயில்.
குழாயடியில் முகம் கழுவக் குனிந்தவள்
குடித்துவிட்டேன்.
ஒரு வாய் இல்லை, வயிறு குளிர.
துப்பட்டியால் வாயைத் துடைத்துக்கொண்டு
பரங்கிப்பேட்டை பஸ்ஸில் ஏறி
மக்ரிபுக்கு எல்லாரோடும் உட்கார்ந்து
பிஸ்மி சொல்லி நோன்பு திறந்தேன்.
பயணக் கணக்கில் சேருமா என்று
வழியைக் கிலோமீட்டராய் அளந்தும் பார்த்தேன்.
சேரவில்லை.
யாரும் பார்க்கவில்லை என்று
எழுத்துக் கூட்டி ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
முதல் வார்த்தையைத் தாண்ட முடியவில்லை.

பென்சிலை எடுத்தேன்.

"ஆறுதானே உனக்கு?"
பின்னாலிருந்து மாமி.
போன வருஷம் அந்த மக்ரிபில்
என் கையில் பழத்தை வைத்தவர்.

"ஏழு மாமி."

கொஞ்ச நேரம்
குளிர்சாதனப் பெட்டியின் முனகல் மட்டும்.
பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு
போனை முகத்தருகே கொண்டுபோய்
நாளைக்கு நாலரைக்கு அலாரம் வைத்தார்.
"ரசம் மிச்சமிருக்கு, எடுத்து உள்ள வை" என்றார்.