பத்தொன்பதாவது நிமிடத்துப் பிழை

நாரின் நகரத்தில் ஜனவரி.
பள்ளியின் வெந்நீர்க் குழாய்
காலை எட்டு மணிக்குத்தான் இருமத் தொடங்கும்.
ஆறாம் வகுப்பு, ஆ பிரிவு:
முப்பத்தொரு மேலங்கிகள்,
அவற்றுக்குள் எங்கோ பிள்ளைகள்.

பாடத் திட்டத்தை நேற்றிரவு எழுதினேன்
மாவட்ட அலுவலகம் தந்த படிவத்தில்.
நோக்கம். கருவி. நிமிடம்.
கடைசிக் கட்டம் மட்டும் அகலமானது:
மாணவர் கவனத்தை ஈர்க்கும் உத்தி.
மற்ற நாட்களில் அதில்
கேள்வி பதில் என்று கிறுக்கிவிட்டுப் படுத்துவிடுவேன்.

நேற்று தூக்கம் வரவில்லை.
ஜன்னலோரத்துத் தாலாய்
கண்ணாடியில் உறைந்த பனியை நகத்தால் சுரண்டுவான்,
பாடவேளைக்கு ஒரு குதிரை.
அதற்குக் கால் முளைக்கும் நேரத்தில்
மற்றவர்களும் கொட்டாவிக்குப் போயிருப்பார்கள்.
எத்தனையாவது நிமிடம் என்று எனக்குத் தெரியும்.
பத்தொன்பது.

அந்த இடத்தில் ஒரு பிழையை வைத்தேன்.
காலையில் மைனஸ் இருபத்து மூன்று,
மதியம் மைனஸ் ஒன்பது,
எத்தனை டிகிரி ஏறியது?
முப்பத்திரண்டு என்று எழுதுவேன்.
யாராவது துள்ளி எழுவார்கள்.
ஒத்திகைகூடப் பார்த்தேன்
கெட்டிலின் முன்னால் நின்று ஆச்சரியப்படுவதை:
அட, அப்படியா, எங்கே தப்பு?

இன்று எழுதினேன். சுண்ணக்கட்டி கிறீச்சிட்டது.
திரும்பினேன்.
முப்பத்தொரு தலைகள் குனிந்தன.
ஈயடிச்சான் காப்பி.
இந்தக் குளிரில் ஈ கிடைக்கவில்லை,
கிடைத்திருந்தால் அதையும் ஒட்டியிருப்பார்கள்.

சரியா, என்றேன்.
சரி, எஜே.
நன்றாகப் பாருங்கள்.
எர்மெக் நன்றாகப் பார்த்தான்.
பிறகு ஸ்கேல் வைத்து
விடைக்கு இரட்டை அடிக்கோடு போட்டான்.

செப்டம்பரிலிருந்து நான் நடத்திய ஒரே பாடம்
அவர்களுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது:
பலகையில் இருப்பது சரி.

காது சுட்டது. அவசரமாக அடுத்த கணக்குக்குத் தாவினேன்,
புத்தி இன்னும் என் பொறியருகே உட்கார்ந்திருக்க.
இந்த வாரத்து ஐந்து காலைகள்:
இருபத்து மூன்று, பத்தொன்பது, இருபத்தொன்று,
இருபத்தாறு, பதினாறு. எல்லாம் மைனஸ்.
கூட்டினேன், ஐந்தால் வகுத்தேன்.
சராசரி மைனஸ் இருபத்தைந்து.

எஜே.
ஜிபெக்கின் குரல். இந்த வருடத்தில்
வருகைப் பதிவுக்கு வெளியே முதல் தடவை கேட்கிறேன்.
அவள் கூட்டவில்லை, வகுக்கவில்லை.
அதைவிடக் குளிர்ந்தது ஒரே ஒரு நாள்தானே, என்றாள்,
மற்ற நாலும் அவ்வளவு இல்லையே.
அப்புறம் சராசரி எப்படி அங்கே போய் நிற்கும்?

அட, என்றேன்.
ஒத்திகை பார்த்த அட இல்லை அது.
மீண்டும் கூட்டினேன். நூற்று ஐந்து.
எனக்கு நூற்று இருபத்தைந்து வந்திருந்தது.

அதற்குள் வகுப்பு கையை விட்டுப் போயிருந்தது.
பதினாறெல்லாம் குளிரா என்றான் ஒருவன்.
இருபத்தாறு அன்றைக்கு எங்கள் காரே கிளம்பவில்லை,
நடந்துதான் வந்தோம் என்று
ஜன்னலிலிருந்து திரும்பிய தாலாய் சொன்னான்,
முடியாத குதிரையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு.
அப்படியானால் வெள்ளிக்கிழமையை எடுத்துவிட்டால்
சராசரி என்ன ஆகும்?
யார் கேட்டது என்று தெரியவில்லை.
மேலங்கிப் பொத்தான்கள் அவிழ்ந்துகொண்டிருந்தன.

மணி அடித்தும் நாலு பேர் பலகையடியில்.
துண்டுச் சுண்ணத்துக்குச் சண்டை.

இப்போது படிவத்தின் முன் உட்கார்ந்திருக்கிறேன்.
அந்த அகலமான கட்டம்.
தூக்கமின்மை என்று எழுதலாமா?
தேநீர் ஆறுகிறது.

அதை விட்டுவிட்டு நாளைய தாளை எடுக்கிறேன்.
முதல் ஐந்து நிமிடம்:
முப்பத்தொரு நோட்டிலும் இரட்டை அடிக்கோட்டின் மேல்
முப்பத்திரண்டு இன்னும் அப்படியே இருக்கிறது.
அது தப்பென்று நான் சொன்னால்
அதையும் எழுதிக்கொள்வார்கள்.