குறையக்கூடும்

இருநூற்றுப் பதினான்கு பக்கம்.
நாற்பத்தோரு அட்டவணை.
அருமனை, கடையாலுமூடு, பேச்சிப்பாறை, குலசேகரம் என்று
பதினாறு மாதம்
தலைவிளக்கு கட்டிய ஆட்களின் பின்னால்
விடியுமுன் நடந்து எழுதியது.
ரப்பர் இறக்குமதி வரியைக் குறைத்தால்
பால்வெட்டுக் கூலி என்னவாகும் என்பதுதான் கேள்வி.
பதில் நூற்று எழுபதாம் பக்கத்தில்:
குறையக்கூடும்.

அதை ஒரு பக்கமாக்குவது என் வேலை.

வெட்டூர்ணிமடத்தில்
பல் மருத்துவமனைக்கு மேல்மாடி, எங்கள் ஆய்வு மையம்.
கீழே பல் பிடுங்குவார்கள்,
மேலே நான் வாக்கியங்களை.
'எனினும்' லேசாக ஆடியது, போயிற்று.
'பிற காரணிகள் மாறாதிருக்குமானால்' வேரோடு வந்தது.
தாணுலிங்கம் சார் ஒரு சொல்லுக்கு மட்டும்
கதவை மறித்து நின்றார்.
"கூடும் இருக்கணும்.
அது இல்லாட்டி நான் சோசியக்காரன்."

முதல் செய்திக்குறிப்பை யாரும் போடவில்லை.
இரண்டாவதை ஒரு மாலைப் பத்திரிகை போட்டது,
தாணுலிங்கத்தை ராமலிங்கமாக்கி.
செய்தியாளர் கூட்டத்துக்கு எட்டுப் பேர் வந்தார்கள்.
உளுந்தவடை இருபது போயிற்று.
கேள்வி ஒன்றே ஒன்று:
"சார், மார்த்தாண்டம் பாலத்துல குழியை எப்ப மூடுவாங்க?"

பிறகு கற்றுக்கொண்டேன்.
ஞாயிறு மாலை அனுப்ப வேண்டும்,
திங்கள்கிழமைப் பக்கங்களுக்குப் பசி அதிகம்.
அமைச்சர் யாரும் வரக்கூடாது,
வங்கக்கடலில் எதுவும் உருவாகக்கூடாது.
சதவீதத்தை டீயாக மாற்றிச் சொல்ல வேண்டும்,
நாளைக்கு ஐந்து டீ நஷ்டம் என்று.
பிறகு, ஒரு முகம்.

செல்வபாயை மரத்தோடு நிற்க வைத்தோம்.
கையில் கத்தி, இடுப்பளவில் சிரட்டை,
கன்னத்தில் ஒரு சொட்டுப் பால்.
துடைக்கப் போனவளை
"அப்படியே இருக்கட்டும்" என்றார் படமெடுத்தவர்.

ஞாயிறு இரவு ஒன்பதரைக்கு
செய்திப்பிரிவிலிருந்து எட்வின்.
"மேடம், குறையக்கூடும்னு இருக்கு.
குறையுமா, கூடுமா?
ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.
தலைப்புல பத்து எழுத்துக்குத்தான் இடம்."

சாரை அழைத்தேன், எடுக்கவில்லை.
ஒரே ஒருமுறைதான் அழைத்தேன்,
அதையும் எழுதிவிடுகிறேன்.

"குறையும்" என்றேன்.

ரப்பர் கூலி குறையும்.
சரியாகப் பத்து எழுத்து.

நான்கு பத்தி, வண்ணப்படம்.
மதியம் தொலைக்காட்சி வண்டி
பல்வலிக்காரர்களின் ஸ்கூட்டர்களை மறித்து நின்றது.
இரவு சென்னையில் நான்கு பேர்
நான்கு கட்டங்களுக்குள் இருந்து கத்தினார்கள்,
ஒருவருமே அறிக்கையைப் படித்திருக்கவில்லை.
நன்கொடையாளர்களுக்கான கோப்பில்
அத்தனையையும் வெட்டி ஒட்டினேன்.
சார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
நான்காம் நாள், எத்தனை பிரதி மிச்சம் என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் செல்வபாய்:
"பிள்ளே, மொதலாளி பேப்பரை மடிச்சு பையில வச்சிருக்காரு.
ஒனக்க படத்தையும் போட்டு
கொறையும்னு போட்டாச்சு, பெறவென்னன்னு கேக்காரு.
மரத்துக்கு இருபது பைசா கொறச்சாச்சு."
முந்நூறு மரம், அறுபது ரூபாய்.
கணக்கை அவளே சொன்னாள்.

வரி இன்னும் குறையவில்லை.
டில்லியில் அந்தக் கோப்பு
எந்த மேசையில் கிடக்கிறது என்றுகூடத் தெரியாது.

திருத்தம் அனுப்பினேன்.
ஏழாம் பக்கத்தில்
மனை விற்பனைக்கும் காணாமற்போன பாஸ்போர்ட்டுக்கும் நடுவில்
வந்தது:
"கடந்த திங்களன்று வெளியான செய்தியில்
'குறையும்' என்பதை
'கூடும்' எனத் திருத்தி வாசிக்கவும்."

அதைக் கத்தரித்து
முதலாளியிடம் கொண்டு போகிறாளாம் செல்வபாய்.

இன்று காலையிலிருந்து மழை.
வெட்டு இருக்காது.
போனை மேசை நடுவில் வைத்திருக்கிறேன்.