நடுச்சுவர்

மூக்கடைப்பா, கைக்குட்டையில் ஒரு சொட்டு விடுங்கள் என்று
லவ்டேல் சந்திப்பில் தைலம் விற்கிறேன்
இருபத்திரண்டு வருடமாக,
இடது மூக்கு அடைத்தபடி.
யாரும் கண்டுபிடித்ததில்லை.
வாயால் மூச்சு விடுகிறவன்
பேசிக்கொண்டே இருந்தால் போதும்.

கேத்தி பாலாடாவில் ஒரு வாலிபால் மேட்ச்.
பெள்ளியின் முழங்கை. எங்கள் அணிதான் அவனும்.
ஜெயித்துவிட்டோம் என்பதால்
ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன்.

டாக்டர் மும்தாஜ் சீட்டின் பின்பக்கம்
நேராக ஒரு கோடு போட்டார்: இது எல்லோருக்கும்.
பக்கத்தில் இன்னொன்று,
பர்லியாரிலிருந்து ஏறுகிற பஸ்
பின்னால் வந்து திரும்புமே, அந்த இடம் மாதிரி.
இது உங்களுக்கு.
எலும்பையும் குருத்தையும் கொஞ்சம் செதுக்கி
நிமிர்த்தி வைப்போம், வெளியே தழும்பு தெரியாது,
முக வடிவம் மாறாது என்றார்.
மாறினாலும் பரவாயில்லை என்றாள் ஸ்டெல்லா.

இரண்டு நாள்
சோறும் தூக்கமும் காற்றும்
ஒரே தொண்டைக்கு வரிசையில் நின்றன.
துணியை உருவியபோது
தலைக்குள் யாரோ பின்னிய ஸ்வெட்டரைப்
பிரிப்பது போல வந்துகொண்டே இருந்தது.
அதன் பின்னால்
குளிர்.
தலைகுந்தாப் புல்லில் ஜனவரியில் உறைந்து கிடக்குமே
அது, அப்படியே,
இடது கண்ணுக்குக் கீழே வந்து நின்றது.
கண்ணில் தண்ணீர் வருவது சகஜம் என்றார் நர்ஸ்.
சரி என்றேன்.

மூன்றாவது வாரம் ஒவ்வொன்றாக வந்தன:
ஈரக் கம்பளி. ஸ்டெல்லாவின் தலையணை.
கேரட் கழுவுகிற இடத்துச் சேறு.

பிறகு கடையைத் திறந்தேன்.
தாசய்யன் அனுப்பிய கேன் வாசலில் இருந்தது.
முதல் நாளிலிருந்து அவன்தான் அனுப்புகிறான்.
பாக்கி கேட்டு ஒருமுறைகூட போன் செய்ததில்லை.
புனல் வைத்து ஊற்றினேன்.
வலது மூக்கு சொன்னது: தைலம்.
இடது மூக்கு சொன்னது: ரேஷன் கடை,
அம்மாவோடு நின்ற வரிசை, நீல மண்ணெண்ணெய்.

வலதை விரலால் மூடி முகர்ந்தேன்.
இடதை மூடி முகர்ந்தேன்.
வலதுக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம்,
அதற்கு இதுதான் தைலம்.
நடுவில் சுவர்
நேராகத்தான் இருந்தது.

ஈரோட்டு வேன் ஒன்று வந்து நின்றது.
சளி வழிய ஒரு பையன்,
அவன் அம்மா கைக்குட்டையை விரித்து நீட்டினாள்.
அண்ணா, சுத்தமானதுதானே?

நான் வாயைத் திறந்தேன்.