கண் உள்ள துண்டு

ஆசாரிபள்ளத்தில் பதினொரு நாள் கிடந்துவிட்டு
வீடு திரும்பிய அன்று
அடுப்பங்கரை மூலையில், தாள்பைக்குள்,
உருளைக்கிழங்குகள்
எனக்கு முன்பே எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தன.
வெள்ளை முளை. நுனியில் கொஞ்சம் ஊதா.

தையல் காயவில்லை. குனியக் கூடாது.
மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது.
"ரெண்டு கிலோ கூடவா?" என்றதற்கு டாக்டரம்மா
"குடம், சாக்கு, பேரப்பிள்ளை, ஒண்ணும்" என்றாள்.

எட்வின்சிங் பையோடு எறியப் போனார்.
நடுவோம் என்றேன்.
கட்டிலில் கிடந்து நான் சொல்லச் சொல்ல
நடையில் குத்தவைத்து அவர் வெட்டினார்,
துண்டுக்கு ஒரு கண்ணாவது நிற்கும்படி.
இருபது வருஷம் ரப்பர் பட்டை சீவின கை
கிழங்கையும் சாய்த்துத்தான் வெட்டியது.

சாம்பல் தொட்டு, இரண்டு நாள் காயவிட்டு,
யூரியா சாக்கின் வாயைக் கீழே சுருட்டி,
செம்மண், ஆட்டாம்புழுக்கை, சருகு.
அதற்குள் கண்கள் மேலே பார்க்க.

ரோசிலி மதிலில் கையூன்றிச் சிரித்தாள்:
"கம்பை ஒடிச்சுக் குத்தினா மரச்சீனி வெளையுத மண்ணு.
சேனை, சேம்பு, காய்ச்சில், சிறுகிழங்கு,
இவ்வளவும் போதாதா பிள்ளே?
இது குளிருக்க கிழங்காக்கும்."

சரிதான். கடையாலுமூட்டில் மார்கழி என்றால்
விடியக்காலம் ஒரு போர்வை, அவ்வளவு.
அந்த ஒரு போர்வையை நம்பித்தான் நட்டோம்.

செடி வந்தது. மண் ஏற்றினோம்,
சாக்கின் சுருளை ஒரு சாண் அவிழ்த்தோம், மறுபடி மண்.
பூக்கவில்லை. இலை மட்டும் தழைத்தது.
அடியில் என்ன என்று
ஸ்கேன் எடுத்தா பார்க்க முடியும்?

பொங்கல் கழிந்த வாரம்
சாக்கோரம் மண் கிளறிக் கிடந்தது.
"பெருச்சாளி" என்றார்.
"பெருச்சாளிதான்" என்றேன் நானும், சட்டென்று,
விரல்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு.

மூன்று மணி, அவர் பால்வெட்டப் போகிற நேரம்.
அன்று வெளிச்சம் விளைக்கு ஏறவில்லை.
சன்னல் வழி பார்த்தேன்.
நெற்றி விளக்கோடு சாக்கின் முன் மண்டியிட்டு
ஒற்றை விரலை மண்ணுக்குள் விட்டு,
துழாவி, நின்று,
யாருமில்லாத இருட்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

முந்தின மதியம் நான் தொட்டதும் அதே இடம்தான்.
கோலிக்குண்டு அளவு இருந்தது.

மாசியில் இலை பழுத்தது.
ரப்பரும் சருகு கொட்டி வெட்டு நின்ற காலம்.
சாக்கைக் கவிழ்த்தோம்.
பதினான்கு.
மூன்று வெயில் பட்டுப் பச்சை, தின்னக் கூடாது.
ஒன்று அழுகல்.
ஒன்றின் தோலில் பிறைபோல ஒரு கீறல்.
"பெருச்சாளிக்கு நல்ல நகம்" என்றார்.
"தலையில லைட்டும் உண்டு" என்றேன்.

மீன்கார ஸ்டெல்லாவின் தராசில்
அறுநூற்றைம்பது கிராம்,
தட்டில் ஒட்டியிருந்த சாளைச் செதிலையும் சேர்த்து.

கூடையை எடுக்க அவர் குனிந்தார்.
"வையும், ரெண்டு கிலோ வராது" என்றேன்.

நடையேறி, அடுப்பங்கரை வாசல் தாண்டி,
கூடையை இறக்கிய பிறகுதான்
தையல் ஞாபகம் வந்தது.
வலி இல்லை.
ஞாபகம் மட்டும்.